இதயத்து ஓட்டையை அடைக்கும் கருவி: காப்புரிமை எதுவரை, நோயாளியின் உரிமை எதுவரை?

ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, தாம்பரம் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய நம் மஹல்லாக்களில், ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்படும் உதவிக் கோரிக்கைகளைக் கவனித்து வருபவர்களுக்கு ஒரு வாசகம் பழகிப்போயிருக்கும்: "குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, டிவைஸ் போட வேண்டும் என்கிறார்கள்." வசூல் நடக்கும், துஆ கேட்கப்படும். அந்தச் சின்னக் கருவிக்கு ஏன் இவ்வளவு விலை என்று யாராவது கேட்டால், "அது வெளிநாட்டுக் கம்பெனியின் பேட்டன்ட்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாதவரை, கேட்ட தொகையைத் திரட்டிக் கொடுப்பதைத் தவிர நமக்கு வேறு வழி தெரியாது. இந்தக் கருவிகளை வைத்துக் கடந்த 20 ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று வழக்காடியிருக்கின்றன. அந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் என்ன சொல்லின, நம் நாட்டுச் சட்டம் நோயாளிக்கு என்ன இடம் தருகிறது, நம் சமுதாயம் எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 8 முதல் 10 குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருந்தால் அதை மருத்துவர்கள் ஏ.எஸ்.டி. என்பார்கள். கீழறைகளுக்கு நடுவில் இருந்தால் வி.எஸ்.டி. கருவில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு குழாய் மூடாமலே நின்றுவிட்டால் அது பி.டி.ஏ. இவற்றில் சிறியவை பல தாமாகவே மூடிக்கொள்ளும். மற்றவற்றுக்குச் சிகிச்சை தேவை.

ஒரு காலத்தில் நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்திவைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை ஒன்றே வழி. நெஞ்சைத் திறக்காமலே ஓட்டையை அடைக்கும் முயற்சி 1970-களில் அமெரிக்காவில் தொடங்கியது. அதைப் பரவலாக எல்லோருக்கும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கர்ட் ஆம்ப்ளாட்ஸ். ஆஸ்திரியாவில் பிறந்து, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கதிரியக்க மருத்துவராக இருந்தவர். அவர் தொடங்கிய ஏ.ஜி.ஏ. மெடிக்கல் நிறுவனத்தின் 'ஆம்ப்ளாட்ஸர்' அடைப்பான் 1995-லிருந்து நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. 2001 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி அளித்தது.

கருவி பார்ப்பதற்கு எளிமையானது. மெல்லிய கம்பிகளால் பின்னிய இரண்டு தட்டுகள், அவற்றை இணைக்கும் குட்டையான ஓர் இடுப்பு, உள்ளே துணி. தொடையிடுக்கிலுள்ள இரத்தக்குழாய் வழியாக கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதற்குள் நீட்டி அடக்கிய கருவியை இதயம்வரை கொண்டுபோகிறார்கள். வெளியே தள்ளியதும் ஒரு தட்டு ஓட்டையின் அந்தப் பக்கமும், மற்றொன்று இந்தப் பக்கமும் விரிந்து, சட்டைப் பொத்தானைப் போல் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சில மாதங்களில் இதயத்தின் சொந்தத் திசு அதன்மேல் வளர்ந்து மூடிவிடும்.

இதைச் சாத்தியமாக்கியது நைட்டினால் எனும் உலோகக் கலவை. நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த இதன் பெயரிலேயே அது பிறந்த இடமான அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் அடங்கியிருக்கிறது. எவ்வளவு நீட்டினாலும் மடக்கினாலும், விட்டதும் தன் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும் குணம் இதற்கு உண்டு. இந்தக் குணத்தைச் சுற்றித்தான் பல வழக்குகளும் எழுந்தன.

ஒரு விஷயத்தைப் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். எல்லா ஓட்டைகளுக்கும் டிவைஸ் பொருந்தாது. சுவரின் நடுப்பகுதியில், நான்கு புறமும் போதிய விளிம்போடு உள்ள ஓட்டைகளுக்கே அது ஏற்றது. மற்றவற்றுக்கு அறுவை சிகிச்சையே சரியான வழி.

காப்புரிமை என்பது ஓர் உடன்படிக்கை

புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதை எப்படிச் செய்வது என்பதை ஒளிக்காமல் எழுதி அரசிடம் கொடுக்கிறார். பதிலுக்கு அரசு, 20 ஆண்டுகளுக்கு அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்ற உரிமையைத் தருகிறது. காலம் முடிந்ததும் அந்த அறிவு எல்லோருக்கும் பொதுவாகிவிடும். வெளிப்படையாகச் சொல்வதும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமை கொள்வதும்தான் இந்த உடன்படிக்கையின் இரண்டு கால்கள்.

கொர்தோபாவின் அல் ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் மருத்துவ நூலில் அறுவைக் கருவிகளைப் படம் வரைந்தே வெளியிட்டார். பிற்காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துக் கருவி செய்தார்கள். அறிவைத் திறந்து வைப்பதால் மருத்துவம் வளரும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அதே வெளிப்படைத்தன்மையை, காலவரையறை உள்ள உரிமையைக் கொடுத்து வாங்கும் ஏற்பாடுதான் இன்றைய காப்புரிமை.

காப்புரிமைப் பத்திரத்தில் மிக முக்கியமான பகுதி 'உரிமைக்கோரிக்கை' என்பது. வீட்டுமனைப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவது போல, "இதுதான் என் கண்டுபிடிப்பின் எல்லை" என்று அங்கே எழுதியிருக்கும். மனை வாங்கியவர், பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லைக்கு அப்பால் வேலி போட முடியுமா? முடியாது. ஊரப்பாக்கத்தில் மனை வாங்கிய எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அடைப்பான் வழக்குகளின் உள்ளடக்கமும் இந்த வேலித் தகராறுதான்.

இரண்டு முனையா, ஒரு முனையா?

ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து ஆக்லூடெக் என்ற நிறுவனம் இதேபோன்ற நைட்டினால் அடைப்பானைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏ.ஜி.ஏ. நிறுவனம் தன் ஐரோப்பியக் காப்புரிமை மீறப்பட்டதாகச் சொல்லிப் பல நாடுகளில் வழக்காடியது.

ஏ.ஜி.ஏ.வின் உரிமைக்கோரிக்கையில், பின்னிய கம்பிகளின் இரண்டு முனைகளிலும் கம்பிகள் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கும் பிடிப்பான்கள் இருக்கும் என்று எழுதியிருந்தது. ஆக்லூடெக்கின் கருவியில் ஒரு முனையில் மட்டும்தான் கம்பிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தன. மறுபக்கத் தட்டு, பிடிப்பான் ஏதும் இல்லாமல் பின்னலாலேயே மூடியிருந்தது. ஆக, கேள்வி இதுதான்: இரண்டு முனையிலும் பிடிப்பான் என்று எழுதியவர், ஒரு முனையில் மட்டும் உள்ள கருவியையும் தன் எல்லைக்குள் இழுக்கலாமா?

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நீதிமன்றங்கள் 2007-லும் 2008-லும் இழுக்கலாம் என்றன. வார்த்தை அப்படியே பொருந்தாவிட்டாலும், ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது என்பது அவற்றின் வாதம். அங்கே ஆக்லூடெக் தோற்றது.

லண்டனில் நிலைமை வேறாக இருந்தது. 2009 ஜூலையில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. 2010 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நெதர்லாந்து நீதிமன்றங்களும் அதே முடிவுக்கு வந்தன. ஒரே காப்புரிமை, ஒரே கருவி. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் விற்கலாம், அந்தப் பக்கம் விற்கக்கூடாது என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது.

2011 மே 10 அன்று ஜெர்மனியின் உச்ச அதிகார நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களின் முடிவைத் திருப்பியது. ஒரு கண்டுபிடிப்பாளர் தம் விளக்கத்தில் பல வழிகளைச் சொல்லிவிட்டு, உரிமை கோரும் இடத்தில் அவற்றுள் ஒன்றை மட்டும் எழுதினால், விட்டுப்போன மற்ற வழிகளைப் பிறகு "அதுவும் என்னுடையதே" என்று கேட்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். எழுதியது எதுவோ, எல்லை அதுவே.

இந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தோடு நிற்கும் விஷயமல்ல. உரிமையாளரை அவர் எழுதிய எல்லைக்குள் நிறுத்தியதால் ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு இன்னொரு தயாரிப்பாளரிடம் வாங்கும் வாய்ப்பு நிலைத்தது. வாங்குபவருக்கு இரண்டு கடை இருந்தால்தான் விலை பேச முடியும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா?

வாதியே பிரதிவாதியான கதை

ஐரோப்பாவில் வழக்குத் தொடுத்த அதே ஏ.ஜி.ஏ., அமெரிக்காவில் பிரதிவாதிக் கூண்டில் நின்றது. உடலுக்குள் வைக்கும் கருவிகளில் நைட்டினாலின் உருவம் திரும்பும் குணத்தைப் பயன்படுத்துவது தொடர்பான பழைய காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த மெட்ரானிக் நிறுவனம், ஆம்ப்ளாட்ஸர் கருவிகள் அவற்றை மீறுவதாகக் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. 2009-ல் ஜூரி மெட்ரானிக் பக்கம் தீர்ப்பளித்து, ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. பின்னர் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டன.

2010-ல் செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் ஏ.ஜி.ஏ.வைச் சுமார் 130 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-ல் செயின்ட் ஜூடையே அபாட் நிறுவனம் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு மருத்துவரின் பட்டறையில் பிறந்த கருவி இப்படி மூன்று கை மாறியிருக்கிறது. இந்த உலகில் எந்தப் பெரிய நிறுவனமும் எப்போதும் திருடனும் இல்லை, எப்போதும் பறிகொடுத்தவனும் இல்லை. இன்று காப்புரிமையை வாளாகப் பிடிப்பவர் நாளை அதற்கே கேடயம் தேட வேண்டியிருக்கும். இந்தச் சண்டைகளில் நீதிமன்றத்தில் ஆஜராகாத ஒரே தரப்பு நோயாளிதான்.

நம் நாட்டுச் சட்டம் நோயாளியை மறக்கவில்லை

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கேற்ப 2005-ல் பெரிதாகத் திருத்தப்பட்டது. அதில் நமக்குத் தேவையான நான்கு வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, பிரிவு 3(ஐ). சிகிச்சை செய்யும் முறைக்கும் அறுவை முறைக்கும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது. அடைப்பான் என்ற கருவிக்குக் காப்புரிமை பெறலாம். அதைப் பொருத்தும் மருத்துவரின் கைத்திறனுக்கு யாரும் வேலி போட முடியாது.

இரண்டாவது, காப்புரிமை வழங்கும் முன்பே எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை. இதற்கு நிறுவனமாகவோ மருத்துவராகவோ இருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் பெடாகுயிலின் மருந்தின் காப்புரிமைக் காலத்தை நீட்டும் விண்ணப்பத்தை இப்படித்தான் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் மும்பை காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது.

மூன்றாவது, பிரிவு 84-இன் கட்டாய உரிமம். காப்புரிமை பெற்று மூன்றாண்டு கழிந்தும் பொருள் நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்காவிட்டால், வேறொருவருக்குத் தயாரிக்க உரிமம் தரலாம். 2012 மார்ச்சில் புற்றுநோய் மருந்து நெக்ஸாவருக்கு இப்படி உரிமம் தரப்பட்டபோது, மாதத்துக்கு 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,880 ரூபாய்க்கு இறங்கியது.

நான்காவது, பழைய பொருளில் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் பிரிவு 3(ஈ). இதை நிலைநாட்டிய வழக்கு நம் சென்னையில் தொடங்கியது. நோவார்ட்டிஸின் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. அந்தச் சட்டப்பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தப் பிரிவு முக்கியமாக மருந்து, இரசாயனப் பொருள்களுக்கானது. ஆனால் மருத்துவக் கருவிகளிலும் அடுத்தடுத்த மாடலுக்கு அடுத்தடுத்த காப்புரிமை என்ற வழக்கம் உண்டு. அங்கே உண்மையிலேயே புதுமை இருக்கிறதா என்ற கேள்வியைக் காப்புரிமை அலுவலகம் கேட்டே ஆக வேண்டும்.

அந்த அலுவலகம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கிப் போகலாம். தென்மாநிலங்கள் முழுவதற்கும் அதுவே காப்புரிமை அலுவலகம். சென்னை உயர் நீதிமன்றத்திலும் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது.

இந்த வாசல்கள் என்றும் இப்படியே திறந்திருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள், முன்கூட்டிய எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்ததோடு, மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் ஆராயும் ஒரு கட்டத்தையும் சேர்த்தன. காப்புரிமையை இந்தியாவில் பயன்படுத்துகிறோமா என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய கணக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தப்பட்டது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், கட்டாய உரிமத்தைவிட நிறுவனங்கள் தாமாகத் தரும் உரிமமே விரும்பத்தக்க வழி என்ற தொனியில் பேசுகிறது. பொதுநல அமைப்புகள் இதைக் கண்டித்தன. சட்டப்பிரிவு புத்தகத்தில் அப்படியே இருக்கும். அதைப் பயன்படுத்தும் துணிவு அரசிடம் குறைந்துபோகும் என்பதே அவர்களின் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே நாமும் கருதுகிறோம்.

காப்புரிமை முடிந்த பின்னும் விலை ஏன்?

இங்கேதான் பலரும் தவறவிடும் இடம் வருகிறது. ஆம்ப்ளாட்ஸர் அடைப்பானின் அடிப்படைக் காப்புரிமை 1990-களின் நடுவில் கோரப்பட்டது. அதன் 20 ஆண்டுக் காலம் என்றோ முடிந்துவிட்டது. இன்று அந்த அடிப்படை வடிவத்தில் யார் வேண்டுமானாலும் கருவி செய்யலாம், செய்யவும் செய்கிறார்கள். அப்படியிருந்தும் விலையைக் குறித்துப் பேச்சு வந்தால் நாம் காப்புரிமையையே காட்டிக்கொண்டிருக்கிறோம்.

விலையைத் தீர்மானிக்கும் மற்ற காரணங்களை இதய ஸ்டென்ட் விவகாரம் நமக்குக் காட்டியது. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மருத்துவமனை என ஒவ்வொரு படியிலும் இலாபம் ஏறி, நோயாளியின் கட்டணச் சீட்டில் விலை பல மடங்காகிறது என்பது அப்போது வெளிவந்தது. தில்லி வழக்கறிஞர் பீரேந்தர் சங்வான் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2016-ல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும், சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் வரிக்கு முந்தைய உச்சவிலையாக அறிவித்தது. ஒரு இலட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த பொருள் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்றுக் கருவிக்கும் உச்சவரம்பு வந்தது. ஒரு காப்புரிமையும் ரத்தாகவில்லை, விலை இறங்கியது.

குழந்தைகளின் இதய அடைப்பானுக்கு இப்படிப்பட்ட தனி உச்சவிலை கிடைக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்தாகக் கருதப்படுகின்றன. அதனால் அச்சிட்ட அதிகபட்ச விலையை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்ற கட்டுப்பாடு இதற்கும் உண்டு. ஆனால் தொடக்க விலையே உயரமாக இருந்தால் 10 சதவீதக் கட்டுப்பாடு யாருக்கு உதவும்? நடுவயதுக்காரரின் இரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் இதயத்தில் வைக்கும் அடைப்பானுக்கும் வேண்டும். இதுவே நாம் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை.

நம் கையாலேயே செய்ய முடியும்

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வல்லியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு, முந்தைய மாதிரிகள் பல தோற்ற பிறகு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. அதே நிறுவனம், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய நைட்டினாலைக் கொண்டு ஏ.எஸ்.டி. அடைப்பான் ஒன்றையும் வடிவமைத்தது. 2020-ல் அதன் தொழில்நுட்பத்தைப் புனேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்தது. அரசு நிறுவனத்தின் கையிலிருக்கும் காப்புரிமை மக்களுக்குக் குறைந்த விலைக்கு வழி திறக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதற்கு இது உதாரணம்.

குஜராத்தின் வாபியைச் சேர்ந்த மெரில் நிறுவனத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. அது செய்வது அடைப்பான் அல்ல. நெஞ்சைத் திறக்காமல் கதீட்டர் வழியாகப் பொருத்தும் இதய வால்வு. அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் நிறுவனம் பல நாடுகளில் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. 2024 நவம்பரில் ஐரோப்பிய ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தின் மியூனிக் பிரிவு, காப்புரிமை மீறப்பட்டதாகவே கூறி விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனால் மிகப் பெரிய அளவு வால்வுகளை மட்டும் தடையிலிருந்து விலக்கி வைத்தது. அந்த அளவு தேவைப்படும் நோயாளிகளுக்கு வேறு மாற்று இல்லை என்பதே காரணம். உரிமையாளருக்கு நீதி வழங்கும்போதே நோயாளியையும் பார்க்க முடியும் என்பதை ஒரு நீதிமன்றம் இங்கே செய்து காட்டியது.

நமக்கு அருகிலேயே வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கும் ஒரகடத்தில், சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகள் பூங்கா அமைக்கும் திட்டத்தை சிப்காட் எடுத்திருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பொறியியல் படிக்கிறார்கள். உயிர் மருத்துவப் பொறியியல், உலோகவியல், காப்புரிமைச் சட்டம் ஆகியவற்றைப் படித்தவர்களுக்கு வேலை வீட்டு வாசலுக்கே வரப்போகிறது. அந்த வாசலில் நம் பிள்ளைகளும் நிற்க வேண்டும்.

மார்க்கத்தின் தராசு

கண்டுபிடித்தவரின் உழைப்புக்கு உரிமை கேட்பதை இஸ்லாம் மறுக்கவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல், வணிகப் பெயர், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. எனவே "மருந்து விஷயத்தில் காப்பியடித்தால் குற்றமில்லை" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

அதே மார்க்கம், மக்கள் தவித்து நிற்கும் பொருளைப் பதுக்கி விலையேற்றுவதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஒப்பந்தத்தை அதன் வாசகப்படி நிறைவேற்றச் சொல்கிறது; ஓர் உயிரைக் காப்பதை மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாக வைக்கிறது. உழைத்தவருக்கு அவர் எழுதிய எல்லைவரை உரிமை. எல்லைக்கு அப்பால் வேலி கூடாது. உயிர் ஊசலாடும் இடத்தில் பொதுநலனுக்கு முன்னுரிமை. ஜெர்மனியின் தீர்ப்பையும் இந்தியச் சட்டத்தின் பிரிவுகளையும் இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால், நமக்கு அந்நியமான எதுவும் அவற்றில் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

குடும்பங்கள் முதலில் செய்ய வேண்டியது, வசூலுக்கு முன் அரசுத் திட்டத்தைத் தேடுவது. தமிழ்நாட்டில் 2008-லேயே இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருமான வரம்புக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்த பின் ஓடாமல் இன்றே பதிவு செய்து வைப்பது நல்லது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முதலில் ஆலோசனை கேளுங்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நடக்கும் குழந்தைகள் நலப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே குழந்தையின் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்த நிறுவனத்தின் டிவைஸ்? அதன் அச்சிட்ட அதிகபட்ச விலை என்ன? இதே ஓட்டைக்குப் பொருந்தும் வேறு தயாரிப்பு, குறிப்பாக உள்நாட்டுத் தயாரிப்பு, இருக்கிறதா? இனம் வாரியாகப் பிரித்த கட்டணச் சீட்டைப் பெறுவது நோயாளியின் உரிமை. கருவியின் உறையிலுள்ள ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா ஜன் சமாதான்' தளத்தில் புகார் செய்யலாம். எந்தக் கருவி பொருந்தும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே; விலையைக் கேட்க வேண்டியவர் நாம்.

ஜமாஅத்துகளுக்கும் பைத்துல்மால் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் காப்பீட்டு விண்ணப்பத்தை எழுதித் தர, மருத்துவமனைக் கட்டணத்தைச் சரிபார்க்க, படித்த இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்குங்கள். திட்டத்தில் அடங்கும் செலவுக்கு ஜகாத் பணம் போகாமல் இருந்தால், எந்தத் திட்டத்திலும் அடங்காத ஏழைக்கு அது போய்ச் சேரும். நம் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஒன்றுகூடி, இதய அடைப்பானுக்கு உச்சவிலை நிர்ணயிக்கக் கோரி விலை நிர்ணய ஆணையத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மனுக் கொடுக்கலாம். ஸ்டென்ட் விலையை இறக்கிய முயற்சி ஒரே ஒரு வழக்கறிஞரின் மனுவில் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம். இந்தக் கோரிக்கை முஸ்லிம் குழந்தைக்கு மட்டுமானதும் அல்ல. மருத்துவமனை வராண்டாவில் நம் பக்கத்தில் கவலையோடு அமர்ந்திருக்கும் எல்லாத் தாய்மார்களுக்குமானது.

நோயைத் தந்த இறைவன் நிவாரணத்துக்கும் வழி வைத்திருக்கிறான் என்பது நம் ஈமான். அந்த வழி ஏழையின் வீட்டுக்கும் வந்து சேரப் பாடுபடுவது நம் பொறுப்பு. நம் குழந்தைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.